ஏவல் வினையின் இலக்கணம்: இசை மென்பொருள் ஆவணமொன்று பற்றிய திறனாய்வு

மென்பொருட் கையேடுகளை இலக்கியத் திறனாய்வு தனது எல்லைக்கு அப்பாற்பட்டனவாகவே கருதி வந்துள்ளது. அவை வெறும் பயன்பாட்டு எழுத்துக்கள், ஆதலால் உலக நோக்கு எதனையும் கொண்டிரா என்பது இதன் உட்கிடை. இக்கருத்து ஏற்புடையதன்று. மொழியினால் ஆக்கப்பட்டு உழைப்பினை ஒழுங்குபடுத்தும் எப்பனுவலிலும் சமூக உறவுகள் பதிந்தேயிருக்கும். செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இசைத் தயாரிப்பு மென்பொருளை இயக்குவதற்கான கருவிகளின் ஆவணங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

வரலாற்றுப் பின்னணியை முதலிற் சுருக்கமாக நோக்கலாம். வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் தம்முள் தொடர்பு கொள்ள வழிசெய்த 'மிடி' என்னும் பொது நெறிமுறை 1983 இல் நடைமுறைக்கு வந்தது. சுரங்களை அது 0 முதல் 127 வரையான எண்களாக வகுத்தது. பேர்லின் நகரத்து நிறுவனமொன்று 2001 இல் 'ஏபிள்ற்றன் லைவ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. மொழி மாதிரிகளைப் புறக் கருவிகளோடு இணைக்கும் 'எம்.சி.பி.' நெறிமுறையை அந்திரொப்பிக் நிறுவனம் 2024 நவம்பரில் அறிவித்தது. பின்னிரண்டையும் பிணைத்து 2025 இல் வெளிவந்ததே 'ஏபிள்ற்றன் எம்.சி.பி.' என்ற திறந்த மூலநிரற் கருவி. அது ஏபிள்ற்றன் நிறுவனத்தின் ஆக்கமன்று. லைவ் மென்பொருளினுள்ளே இயங்கும் பைதன் நிரலொன்று கட்டளைகளைப் பெறுகிறது. வெளியேயுள்ள மற்றொரு நிரல் மாதிரியின் தீர்மானங்களை அதற்கு அனுப்புகிறது.

இக்கருவியின் மொழி பெரும்பாலும் ஏவல் வினைகளால் ஆனது: தடத்தை உருவாக்கு, வேகத்தை அமை, சுரங்களைச் சேர். ஏவல் வினை முன்னிலையை வேண்டுவது. இங்கு முன்னிலை யார்? ஒருவரல்லர், மூவகையினர். நிறுவும் முறையைக் கூறும் பகுதி மனிதனை விளிக்கிறது. கருவிப் பெயர்கள் மென்பொருளை ஏவுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் எழுதப்பட்ட விளக்கவுரையோ மொழி மாதிரிக்கு உரியது. எக்கருவியை எப்பொழுது எடுப்பதென்று மாதிரி அவ்வுரையை வாசித்தே தெரிகிறது. கையேட்டின் வரலாற்றிலே இது பண்பு மாற்றமாகும். முன்னைய கையேடு இயந்திரத்துக்குப் புறத்தே நின்று அதனை விளக்கிற்று. இதுவோ இயந்திரத்தின் உறுப்பாகவே ஆகிவிட்டது.

ஆதலின் இவ்வாவணம் எதனைப் பெயரிடுகிறது, எதனைப் பெயரிடாது விடுகிறது என்பது முக்கியமான வினாவாகும். சுரம் சேர்க்கும் கருவி ஒரு சுரத்தை ஐந்து பண்புகளால் வரையறுக்கிறது: சுருதி எண், தொடங்கும் இடம், நீளம், அழுத்தம், ஒலியடக்கம். புளூஸ் கிற்றார்க் கலைஞன் நரம்பை வளைத்து எழுப்பும் ஒலிக்கோ, நாதஸ்வரக் கலைஞனின் கமகத்துக்கோ இவ்வைந்தினுள் இடமில்லை. மிடியிலே சுருதியை வளைப்பதற்குத் தனிக் குறிப்பு உண்டு. எனினும் இக்கருவியின் சுர வரையறை அதனைக் கேட்பதில்லை. எண்ணாக்கத்தக்கதே இசை என்னும் கோட்பாடு இங்கு வாதிக்கப்படாமலே நிலைநாட்டப்படுகிறது.

பயனாளருக்குத் தரப்படும் மாதிரி வேண்டுகோள்கள் இன்னும் தெளிவானவை. 1980களின் மின்னிசைப் பாணியிலே ஒரு தடம் வேண்டும். புகழ்பெற்ற ஹிப்ஹொப் தயாரிப்பாளர் ஒருவரின் பாணியிலே தாளம் வேண்டும். ஹிப்ஹொப் 1970களிலே நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியிலே கறுப்பின, கரிபிய, புவேட்டோ றிக்கோ இளைஞர்களின் கூட்டு உழைப்பிலே பிறந்தது. பாணி என்பது அத்தகைய உழைப்பின் திரட்சியே. ஆவணத்திலோ அது மூலப்பொருளாகிவிடுகிறது. இசைஞன் உழைப்பவனாக எங்குமில்லை. பாணிக்கு உரிய பெயராக மட்டுமே எஞ்சுகிறான்.

கருவியின் எல்லைகளைக் கூறும் பகுதியும் ஊன்றி நோக்கத்தக்கது. சிக்கலான இசையமைப்பைச் சிறு படிகளாகப் பிரித்துக் கொடுக்குமாறு அது பரிந்துரைக்கிறது. கைவினையை எளிய உபதொழில்களாகப் பிரித்தமையே இயந்திரத்தின் வருகைக்கு வழி சமைத்தது என்று மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதலாம் பாகத்திலே (1867) விளக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

உடைமை உறவு யாது? ஒரு முனையிலே விலைகொடுத்து வாங்கும் மென்பொருள். மறு முனையிலே பெருமுதலின் மொழி மாதிரி. இடையிலுள்ள பாலம் மட்டுமே பொதுவுடைமை. ஊதியமின்றி எழுதப்படும் நிரலும் ஆவணமும் இரு முனைகளின் மதிப்பையும் உயர்த்துகின்றன.

இதனாலே இயந்திரத்தை வெறுப்பது தீர்வாகாது. இயந்திரத்தையும் அதன் முதலாளித்துவப் பயன்பாட்டையும் வேறுபடுத்திக் காணவேண்டும் என்பதே மார்க்சின் பாடம். திரையைக் காணவியலாத கலைஞர் சொற்களாலே தமது இசையை ஒழுங்கமைக்க இத்தகைய கருவி துணைபுரியக்கூடும். மூலநிரல் திறந்திருப்பதால் ஐந்து பண்புகளை ஆறாக்கவும் எவராலும் முடியும். விடுபட்டவை எவை என்பதை இசைஞரே ஆவணத்திலே எழுதுதல் வேண்டும். கருவியின் எல்லையைத் தீர்மானிப்பதிலே அவர்க்கும் பங்கு வேண்டும். இவ்வகைப் பனுவல்களை வாசிக்கும் பயிற்சியை வளர்ப்பது முற்போக்குத் திறனாய்வின் இன்றைய பணிகளுள் ஒன்றாகும்.