எலிஹு யேலும் சென்னை அடிமைகளும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தன் ஆரம்பகால வரலாற்றில் அடிமை முறையோடு கொண்டிருந்த உறவை ஏற்று, 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கோரிற்று. உடன் வெளியான டேவிட் பிளைட்டின் ‘யேலும் அடிமை முறையும்’ என்னும் நூல், கல்லூரிக் கட்டடத்தை எழுப்பிய கறுப்பின அடிமைகளையும் சரித்திரத்துக்குள் கொண்டுவருகிறது. புகழை மட்டுமே ஏட்டிலேற்றும் ஸ்தாபனங்களுக்கு இது நல்ல முன்மாதிரியே.

எனினும் மண்ணூரிலிருந்து இதனை வாசிக்கும் நமக்கு ஒரு குறை தென்படுகிறது. யேல் என்னும் பெயர் சென்னைச் செல்வத்தோடு சென்ற பெயரன்றோ? எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். 1718இல் அவர் அனுப்பிய 417 நூல்களோடு வந்த 9 பொதிச் சரக்கு ஏறத்தாழ 562 பவுனுக்கு விலைபோக, கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்றவேண்டும் என்னும் விதியை நடத்தியவரும் அவரே. பஞ்சம் நாட்டை வாட்டிய 1687இல், ஒரே மாதத்தில் 665 பேருக்குக் குறையாமல் இக்கோட்டையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். நூலாசிரியர் சென்னையை மறைத்தாரல்லர். ஆனால் அவரது களம் நியூ இங்கிலாந்து. மன்னிப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. பாவ அறிக்கை செய்பவர் யாருக்கு விரோதமாகச் செய்தார் என்பதையும் சொல்லவேண்டுமென நம் மாணவர்க்குப் போதிக்கிறோமே!

நம் பக்கத்து நிலை இதனினும் மோசம். 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோட்டைத் தூய மரியாள் ஆலயத்தில், அதே ஆண்டு யேலின் விவாகம் நடந்ததைப் பெருமையோடு கூறுகிறோம். உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருடைய மகன் தாவீதின் கல்லறை உள்ளது. அதனை வேறிடத்துக்கு மாற்றும்படி 2023இல் தனி நீதிபதி ஆணையிட்டபோது எழுந்த வாதம், கல்லறைக்குத் தொல்பொருள் மதிப்பு உண்டா என்பதைச் சுற்றியே நடந்தது. நான்கு வயதும் நிரம்பாமல் மரித்த குழந்தையின்மேல் பழி சுமத்த நாம் துணியோம். கல்லறை நிற்கவேண்டுமென்பதே நம் கருத்து. ஆனால் அக்காலத்தில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எந்தக் கல் உண்டு? நம் சாலை வழியே துறைமுகம் செல்லும் வண்டிகளைப்போல, அன்றும் சரக்குக்குக் கணக்கிருந்தது, ஆளுக்குப் பெயரில்லை.

பெயர்கள் இனிக் கிடைப்பது அரிது. எண்ணும் ஆண்டும் உள்ளன. ஆலயச் சுவரில், ஆளுநர்களின் நினைவுக் கற்களுக்கருகே, அவற்றைத் தமிழில் பொறிக்க எவருடைய அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்?