ரசீது கேட்கத் தயங்கும் வீட்டுக்காரர்கள்

சென்னையில் வீட்டை வாடகைக்கு விடுகிறவரிடம் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று கேட்டால், யோசிக்காமல் பதினொன்று என்பார். ஓராண்டைத் தாண்டினால் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். ஒரு மாதத்தைக் கழித்துவிட்டால் அந்தச் செலவும் அலைச்சலும் மிச்சம். கொழும்பில் இந்தக் கோடு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1840இல் பிரிட்டிஷார் இயற்றிய மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்கிறது. அதனால் அங்கே நொத்தாரிசிடம் போகவேண்டும், இல்லையென்றால் மாதாமாதம் ஓடும் வாய்ப்பேச்சோடு திருப்திப்பட வேண்டும்.

இரண்டு ஊர் வீட்டுக்காரர்களும் காகிதத்தைக் கண்டு ஒதுங்குவதற்குப் பழைய காரணம் உண்டு. இலங்கையில் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவரை அசைக்க முடியாதபடி செய்தது. அடுத்த ஆண்டே வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரையறுத்தது. மிகுதி வீடுகளை அவற்றில் குடியிருந்தவர்களே வாங்கவும் வழி திறந்தது. பின்னர் வந்த திருத்தங்கள் பிடியைத் தளர்த்தின. ஆனாலும் வாடகைக்கு விட்டால் வீடு கைவிட்டுப் போகும் என்ற பயம் அந்தத் தலைமுறையோடு ஒழியவில்லை. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில், பழைய வாடகையிலேயே பல்லாண்டு இருந்தவர்களைக் கிளப்ப வழக்குகள் இழுத்துக்கொண்டே போயின.

புதிய சட்டங்கள் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்திருக்கின்றன. காகிதம் வைத்திருக்கும் வீட்டுக்காரர் பக்கம் என்று திருத்திச் சொல்லலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி எந்தக் கால அளவானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் போடத் தவறியதையே வீட்டைக் காலி செய்யவைக்கும் காரணங்களில் ஒன்றாக அது வைத்திருக்கிறது. பதினொரு மாத வித்தைக்கு இனிப் பெரிய பயனில்லை என்றாலும் அது நிற்கவில்லை. இலங்கையும் 2023இல், குத்தகை முடிந்த கட்டடத்தை விரைவாக மீட்க ஒரு தனிச் சட்டம் செய்தது.

முன்பணத்தில் இரண்டு ஊரின் கணக்கும் வேறு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுநாள் வழக்கம். புதிய சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, கூடவே 'வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி' என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாதக்காரர்கள் அந்த வாசல் வழியாகவே நடக்கிறார்கள். இந்தப் பணம் வட்டியில்லாத கடன் என்பது பல வீட்டுக்காரர்களுக்கு மறந்துவிடுகிறது. செலவழித்துவிட்டு, புதிதாக வருகிறவரின் அட்வான்ஸை வாங்கிப் பழையவரின் கணக்கை முடிப்பார்கள். இடையில் வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால், பெயின்ட் அடிக்கும் செலவை வைத்துச் சண்டை தொடங்கும். கொழும்பில் ஆறு மாத வாடகையையோ ஓராண்டு வாடகையையோ மொத்தமாக முன்கூட்டி வாங்குவது சாதாரணம். அது மாதந்தோறும் கழிந்துகொண்டே வரும், கடைசியில் திருப்ப வேண்டியது சிறிய வைப்புப் பணம் மட்டும். எனக்கு இந்த ஏற்பாடே நேர்மையாகத் தெரிகிறது, வாடகைக்கு வருகிறவருக்குத் தொடக்கத்தில் மூச்சு முட்டினாலும்.

ஆனால் மொத்தமாக வாங்கியவரும் 2022இல் தப்பவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். இரண்டாண்டுக்கு ஒரே வாடகை என்று எழுதிக் கொடுத்திருந்தவர்கள் கையில் இருந்தது பாதி மதிப்புப் பணம். வெளிநாட்டவருக்கு விடும் அடுக்குமாடி வீடுகளில் வாடகையை டாலரில் பேசும் பழக்கத்துக்கு அந்த ஆண்டு ஒரு நியாயம் சேர்த்தது. சென்னையில் இப்படி ஒரு அடி விழவில்லை. அங்கே இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. எண்பது லட்சம் ரூபாய் வீடு மாதம் இருபதாயிரம் கொண்டுவந்தால் ஆண்டுக்கு மூன்று சதவீதம். பராமரிப்பும் சொத்து வரியும் காலியாகக் கிடக்கும் மாதங்களும் போக மிஞ்சுவது வங்கி வைப்பு வட்டிக்குக் கிட்ட வராது. வருமான வரியில் 30 சதவீதக் கழிவு கிடைப்பதால் மட்டும் இது சரியாகிவிடாது. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கிவிட்டு, அதை வாடகை வருமானம் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

யாருக்கு விடுவது என்பதில் காவல்துறையும் வந்து நிற்கும். 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரியில் வாடகை வீடொன்றில் சுட்டுக் கொல்லப்பட்ட பின், குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும்படி சென்னை வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. கொழும்பில் போர்க்காலம் முழுக்கத் தமிழருக்கு வீடோ அறையோ கொடுப்பதென்றால் பொலிஸ் பதிவும் சேர்ந்தே வரும். 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பேருந்தில் ஏற்றி வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே தடுத்தது.

மிகப் பெரிய ஆபத்து, வாடகை பாக்கி வைப்பவரிடமிருந்து வருவதில்லை, வாடகையே கொடுக்காமல் இருப்பவரிடமிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்து வீட்டைத் தெரிந்தவர் ஒருவரிடம் 'பார்த்துக்கொள்ளுங்கோ' என்று விட்டுவிட்டு ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவர்கள் ஏராளம். எழுத்து இல்லை, வாடகை இல்லை, மின்கட்டணம் அவர் பெயரில். இலங்கையில் உரிமையாளரை மறுத்துப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம், இந்தியாவில் பன்னிரண்டு. போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் வந்த சிறப்புச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அனுமதியோடு இருப்பவர் அப்படிக் கோர முடியாது என்பது சட்டம்தான், ஆனால் அனுமதி கொடுத்ததைக் காட்டவும் ஏதாவது வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரசீதும் நொத்தாரிசு எழுதிய ஒரு குத்தகை உறுதியும் இருந்தால் அவர் வாடகைக்கு வந்தவர் என்பது ஐயமின்றி நிற்கும். செலவு பெரிதல்ல. குடியிருப்பவர் சொந்தச் சித்தப்பாவாக இருக்கும்போது அந்தக் கையெழுத்தைக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. சித்தப்பா இருக்கும்வரை கேட்கவும் தேவைப்படாது. அவருடைய பிள்ளைகளின் காலத்தில்தான் மாவட்ட நீதிமன்றத்துக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்ப ஆள் தேடுகிறார்கள்.