கமிஷன் யார் பக்கம்?

ஸ்ரீரங்கத்தில் வீடு விற்பனைக்கு என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் ஏறக்குறைய ஒரே அச்சு. கோயிலுக்கு நடக்கும் தூரம், வடக்கு பார்த்த வாசல், போர் வசதி, கிளியர் டாக்குமெண்ட், நேரடி பார்ட்டிகள் மட்டும். அனுப்புபவரே தரகர்தான், அந்தக் கடைசி வரி மற்ற தரகர்களுக்கானது. தூரத்தை நடந்து பார்த்துவிடலாம், வாசலையும் போரையும் நேரில் பார்த்துக்கொள்ளலாம். டாக்குமெண்ட் மட்டும் போய்ப் பார்த்தால் தெரிகிற விஷயமல்ல. திருச்சியில் சொத்து வாங்கவும் விற்கவும் தரகர் தேவையா என்று கேட்டால், அந்த ஒன்றை அவர் நமக்காகப் பார்த்துத் தருகிறாரா என்பதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

பார்ட்டி பிடித்துத் தருவார், விலை நிலவரம் சொல்வார், அலைச்சலைக் குறைப்பார் என்று வழக்கமாகச் சொல்லப்படும் நன்மைகள் இன்று மலிந்துவிட்டன. வாங்குபவரை இணையதளங்களே கொண்டுவந்து சேர்க்கின்றன. வழிகாட்டி மதிப்பும் வில்லங்கச் சான்றிதழும் பதிவுத்துறையின் தளத்தில் கிடைக்கின்றன. பட்டாவையும் சிட்டாவையும் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். 2018இல் பத்திரப் பதிவு முழுக்க இணையத்துக்கு மாறிய பிறகு, 'ஆபீஸில் எனக்கு ஆள் இருக்கு' என்ற தரகரின் பழைய பெருமைக்கும் பாதி மதிப்புதான்.

ஆனால் ஸ்ரீரங்கத்து வீதிகளுக்குள் போனால் கணக்கு மாறுகிறது. ரங்கநாதர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் முந்நூறு ஏக்கருக்கும் மேலான நிலம் கோயிலுடைய அடிமனை என்கிறது நிர்வாகம். தலைமுறை தலைமுறையாக வாங்கி, விற்று, வரி கட்டி வந்தோம் என்கிறார்கள் குடியிருப்போர். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அது செல்லாது. பதிவுச் சட்டத்தில் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 22-ஏ பிரிவோ, அத்தகைய பத்திரத்தைப் பதியவே மறுக்கச் சொல்கிறது. இதையொட்டிப் பதிவு நின்றது, வழக்குகள் நடந்தன, போராட்டங்களும் நடந்தன.

இங்கே வில்லங்கச் சான்றிதழ் உதவாது. நேற்றுவரை என்ன பதிவானது என்பதைத்தான் அது காட்டும். நாளைக்குப் பதிவாகுமா என்பதை அதில் தேட முடியாது. அந்த வீதியிலேயே முப்பது வருடம் புழங்கிய தரகருக்கு எந்தக் கதவு எண் கடைசியாகக் கைமாறியது, எது சார்பதிவாளர் அலுவலகம் வரை போய்த் திரும்பியது என்பது மனப்பாடம். ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் அப்படிப்பட்டவர் தாய்ப்பத்திரத்தைப் புரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கங்களை அவர் தொடவே இல்லை. நேராகக் கடைசிக்குப் போய், சொத்து விவரத்தில் விரலை வைத்து நான்கெல்லையை வாசித்தார். பிறகு விற்றது மனையும் கட்டடமுமா, கட்டடம் மட்டுமா என்று தேடினார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

குடும்ப விவகாரம் இதைவிட நுட்பமானது. மூதாதையர் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே சில வரம்புகளோடு தந்தது; 2005இல் மத்தியச் சட்டம் தந்தது; தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. ரேழியும் முற்றமும் இரண்டாம் கட்டுமாக நீளும் பழைய வீட்டை அண்ணன் தம்பிகள் விற்க வரும்போது, கல்யாணமாகி மும்பைக்குப் போன மகளின் பெயர் பத்திரத்தில் எங்கும் இருக்காது. "மாமா, அத்தை கையெழுத்துப் போடுவாங்களா, முதல்ல கேட்டுட்டு வாங்க" என்று முன்பணத்துக்கு முன்பே சொல்லத் தெரிந்த தரகர், பல வருட வழக்கு ஒன்றைத் தவிர்த்துக் கொடுக்கிறார். இதை எந்தத் தளமும் செய்யாது.

இந்த அறிவுக்கும் எல்லை உண்டு. திருச்சி–கரூர் சாலையில் உள்ள திருச்செந்துறையில் 2022இல் ஒரு விவசாயி தன் நிலத்தை விற்கப் போனார். அது வக்ஃபு வாரியத்தின் சொத்து, தடையின்மைச் சான்று வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னபோதுதான் அப்படியொரு உரிமைகோரல் இருப்பதே அவருக்கும் ஊருக்கும் தெரிந்தது. பிறகு அதிகாரிகள் பேச்சு நடத்தி, பழையபடி பதிவு தொடர வழி செய்தார்கள். துறையின் கோப்புக்குள் கிடக்கும் கடிதத்தை எப்பேர்ப்பட்ட தரகராலும் மோப்பம் பிடிக்க முடியாது. எல்லாம் எனக்குத் தெரியும் என்பவரிடம் கூடுதலாக எச்சரிக்கை வேண்டும்.

இனி கூலிக்கு வருவோம். என் புகார் அங்கேதான். 80 லட்சம் ரூபாய் வீடு, இரு பக்கமும் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தரகருக்கு மொத்தம் 1,60,000 ரூபாய். விலை 76 லட்சத்துக்கு இறங்கினால் விற்பவருக்கு நான்கு லட்சம் நஷ்டம். தரகருக்குக் குறைவது 8,000 மட்டும். எனவே 'விடாதீங்க சார், இந்தப் பார்ட்டி போனா வராது' என்பது அவருக்கு நியாயமான ஆலோசனை, உங்களுக்கு அல்ல. மும்பை மகளைப் பற்றி வாய் திறந்து வியாபாரம் முறிந்தாலோ மொத்தமும் போயிற்று. எந்த அறிவுக்காக அவரைத் தேடிப் போகிறோமோ, அதை வெளியே சொல்லாமல் இருப்பதற்குத்தான் இந்தக் கமிஷன் முறை சம்பளம் கொடுக்கிறது. தனிமனிதர்களின் நேர்மையைக் கொண்டு இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை அலசி 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜெண்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, மற்றவர்களுக்கு விற்றுத் தருவதைவிடச் சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றார்கள். ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். உரிமம், தேர்வு, சங்கம் எல்லாம் உள்ள ஊரிலேயே இப்படி.

நம் சட்டம் என்ன செய்கிறது? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். ஆனால் அது புதிய திட்டங்களை, கட்டுமானதாரரோ மனைப்பிரிவு போட்டவரோ விற்கும்போது மட்டும்தான். பஞ்சப்பூரில் 2025இல் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்த பிறகு அந்தப் பக்கம் மனை விற்பவரிடம் பதிவு எண் கேட்கலாம். சித்திரை வீதியில் அறுபது வருட வீட்டைக் கைமாற்றித் தருபவரிடம் கேட்க முடியாது. அவர் இந்தச் சட்டத்துக்குள் வரவே மாட்டார். தரகரின் அறிவு அதிகம் தேவைப்படுகிற இடத்தில்தான் அவருக்குப் பொறுப்பு மிகக் குறைவு.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவில் வந்து, பத்து நாளில் விற்றுப் போக வேண்டும். 'உங்களுக்கு நெட்டா இவ்வளவு, மேலே வர்றது என்னுடையது. ஒரு பவர் மட்டும் எழுதிக் கொடுங்க' என்கிறார் தரகர். அந்தக் கணத்தில் அவர் தரகர் இல்லை, முதல் போடாத வியாபாரி. பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடக்கும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது; ஆனாலும் பவர் கையில் இருப்பவர் யாருக்கு, என்ன விலைக்கு எழுதிக் கொடுக்கிறார் என்பதைத் தூரத்திலிருந்து பார்க்க முடியாது. முதலாளிக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் வியாபாரம் செய்தால் அந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 216ஆம் பிரிவில், இன்றும் சொல்கிறது. நிரூபிக்கக் கையில் ஒரு துண்டுக் காகிதம் வேண்டுமே.

காகிதம் இல்லாததால் தரகருக்கும் நஷ்டம்தான். வெயிலில் பத்துப் பேருக்கு வீட்டைத் திறந்து காட்டியிருப்பார். பதினோராவது ஆள் மறுநாள் தனியாக வந்து உரிமையாளரிடம் பேசி முடித்துவிட்டு, 'உன் மூலமா வரலையே' என்பார். தரகரைக் கழற்றிவிடுவதை நம் நடுத்தர வர்க்கம் சாமர்த்தியம் என்றே நினைக்கிறது. அவர் இரண்டு பக்கமும் கறப்பதில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஒரு பக்க ஒப்பந்தம்: யாருக்காக வேலை செய்கிறார், மறுபக்கம் வாங்குகிறாரா, எவ்வளவு, கழற்றிவிட்டால் என்ன. கமிஷனிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து, விசாரிப்புக் கூலியாக முன்கூட்டியே கொடுத்துவிடுவது. வியாபாரம் முடிந்தாலும் முறிந்தாலும் அது அவருக்கு. சட்டக் கருத்துக்கு வக்கீலை நாமே தேடிக்கொள்வது, தரகர் கூட்டிவருபவரை அல்ல. முறிந்துபோன வியாபாரத்துக்குக் காசா என்று கேட்பவர்கள் உண்டு. 80 லட்சத்துக்குப் பத்திரம் பதிய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 7,20,000 ரூபாயை முணுமுணுக்காமல் கட்டுகிற அதே ஆட்கள், இந்த வீடு வேண்டாம் என்று ஒருவர் சொல்வதற்கு இருபதாயிரம் தரத் தயங்குகிறார்கள்.