சார்லி பிரைட்: குரலும் முகமும்

சார்லி பிரைட் (மார்ச் 18, 1934 – டிசம்பர் 12, 2020) அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர். வெள்ளையர்களின் இசை என்று கருதப்பட்ட இத்துறையில் பெருவெற்றி பெற்ற முதல் கறுப்பினப் பாடகர். பில்போர்டு இதழின் கன்ட்ரி பட்டியலில் அவருடைய 29 பாடல்கள் முதலிடம் பெற்றன. இனத்தடையை உடைத்தவர் என்றே அவர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். பாடகர் என்ற நிலையில் அவருடைய தகுதி என்ன, அந்த வெற்றிக்கு அவர் கொடுத்த விலை என்ன என்ற கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

கன்ட்ரி இசை அமெரிக்கத் தென்மாநிலங்களின் சிற்றூர்களில் உருவானது. பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் கதைப்பாடல்களும், தேவாலயப் பாடல்களும், கறுப்பினத்தவரின் புளூஸ் இசையும் கலந்து அது பிறந்தது. அதன் அடையாளக் கருவிகளுள் ஒன்றான பாஞ்சோவின் மூலவடிவம், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களுடன் அமெரிக்கா வந்தது. ஹாங்க் வில்லியம்ஸுக்கு இளமையில் இசை கற்பித்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர்.

1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் இந்த ஒரே மரபை வணிக வசதிக்காக இரண்டாகப் பிரித்தன. கறுப்பர்கள் பாடியவை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்றும், வெள்ளையர்கள் பாடியவை ‘ஹில்பில்லி’ என்றும் விற்கப்பட்டன. ஹில்பில்லி பின்னாளில் கன்ட்ரி எனப் பெயர் மாறியது. விற்பனைக்காகப் போட்ட கோடு சில பத்தாண்டுகளில் இயற்கையான எல்லை போலத் தோன்றத் தொடங்கியது. பிரைட் பாட வந்தபோது எழுந்த வியப்பு இந்தக் கோட்டிலிருந்து வந்தது.

பிறப்பு, இளமை

மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில், வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில், பதினொரு குழந்தைகளுள் நான்காமவராகப் பிரைட் பிறந்தார். ‘சார்ல்’ என்று வைக்கப்பட்ட பெயர் பதிவில் நேர்ந்த எழுத்துப்பிழையால் ‘சார்லி’ ஆனது. சிறுவயதில் உடன்பிறந்தவர்களோடு பருத்தி எடுத்தார்.

தந்தை மேக் பிரைட் சனிக்கிழமை இரவுகளில் வீட்டு வானொலியில் நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சியை வைப்பார். சார்லியின் காதில் முதலில் பதிந்த இசை அதுதான். பதினான்கு வயதில் முதல் கிட்டாரை வாங்கி, வானொலியைக் கேட்டே வாசிக்கப் பழகினார். கறுப்பினச் சிறுவன் இந்த இசைக்கு எப்படி வந்தான் என்று பின்னாளில் பலரும் வியந்தனர். அவருக்கு அது வீட்டில் ஒலித்த இசை.

பேஸ்பால்

அவருடைய முதல் கனவு பேஸ்பால். 1950களில் கறுப்பினத்தவருக்கான லீக்கில் மெம்பிஸ் ரெட் சாக்ஸ் உள்ளிட்ட அணிகளுக்குப் பந்து வீசினார். ஓர் அணி பழைய பேருந்து ஒன்றுக்கு ஈடாகத் தன்னையும் இன்னொரு வீரரையும் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். 1956-ல் ரோசின் என்பவரை மணந்தார். அதே ஆண்டு ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார்.

1960-ல் மொன்டானா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். ஈஸ்ட் ஹெலினா ஊரின் ஈய உருக்காலையில் வேலை செய்துகொண்டே ஆலை அணிக்காக விளையாடினார். ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் பாடினால் தனியாகப் பத்து டாலர் கிடைத்தது. இரவில் மதுவிடுதிகளிலும் பாடினார். 1962-ல் அவ்வூருக்கு வந்த கன்ட்ரி பாடகர்கள் ரெட் ஃபோலியும் ரெட் சோவைனும் அவர் பாடக் கேட்டு நாஷ்வில்லுக்குப் போகச் சொன்னார்கள். 1963-ல் நியூயார்க் மெட்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்ற பிரைட், வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பும் வழியில் நாஷ்வில்லில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 29.

புகைப்படம் இல்லாத இசைத்தட்டு

நாஷ்வில்லில் ஜாக் ஜான்சன் அவருடைய மேலாளரானார். தயாரிப்பாளர் ஜாக் கிளெமென்ட் 1965-ல் அவருடைய பாடல்களைப் பதிவுசெய்தார். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் நாஷ்வில் பிரிவுக்குத் தலைவராக இருந்த கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ், அந்தப் பதிவை மேலதிகாரிகளுக்குப் போட்டுக்காட்டினார். அவர்கள் குரலை விரும்பிய பிறகே பாடியவர் யார் என்பதைச் சொன்னார்.

1966 தொடக்கத்தில் ‘தி ஸ்நேக்ஸ் க்ரால் அட் நைட்’ வெளிவந்தது. புதிய பாடகரின் படத்தையும் இசைத்தட்டோடு வானொலி நிலையங்களுக்கு அனுப்புவது வழக்கம். பிரைட்டின் தட்டுகள் படம் இல்லாமல் போயின. தட்டில் பெயர் ‘கன்ட்ரி சார்லி பிரைட்’ என்று அச்சிடப்பட்டிருந்தது.

இந்த நிகழ்ச்சி இன்று பழங்கதை போல வளர்ந்துவிட்டது. பல ஆண்டுகள் அவருடைய நிறம் மறைக்கப்பட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அதே 1966-ல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் அவருடைய சிரித்த முகம் பெரிதாக அச்சிடப்பட்டுள்ளது. மறைப்பு நீடித்தது சில மாதங்கள்தான். ஆனால் அந்தச் சில மாதங்களில் வானொலி நிலையங்கள் பாடலை ஒலிபரப்பின, கேட்டவர்கள் அவரைத் தங்கள் பாடகராக ஏற்றுக்கொண்டார்கள். முகம் தெரிந்த பிறகு அந்த ஏற்பைத் திரும்பப் பெறுவது அவர்களுக்குக் கடினமாயிற்று.

1966-ல் டெட்ராய்ட் நகரின் ஒலிம்பியா அரங்கில் நடந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பெயரை அறிவித்ததும் எழுந்த கைதட்டல், அவர் மேடைக்கு வந்ததும் மெல்ல அடங்கி அமைதியானது. தன்னுடைய ‘வெளுக்காத வெயில் நிறத்தோடு’ கன்ட்ரி மேடையில் நிற்பது கொஞ்சம் வித்தியாசம்தான் என்று பிரைட் வேடிக்கையாகச் சொன்னார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அவர் பாடினார். இந்த நகைச்சுவையைப் பின்னர் பல மேடைகளில் பயன்படுத்தினார். ஆயிரக்கணக்கானவர்களின் சங்கடத்தை நீக்கும் பொறுப்பு மேடையில் தனியாக நின்றவரின் தலையில் விழுந்தது என்பதை இக்கதையைச் சொல்பவர்கள் கவனிப்பதில்லை.

வெற்றி

1967 ஜனவரியில் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் முதன்முறையாகப் பாடினார். அந்நிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரங்களுள் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின மவுத் ஆர்கன் கலைஞர். அவர் 1941-ல் நீக்கப்பட்ட பின் அம்மேடையில் தனித்துத் தோன்றிய முதல் கறுப்பினக் கலைஞர் பிரைட்.

1969-ல் ‘ஆல் ஐ ஹாவ் டு ஆஃபர் யூ (இஸ் மீ)’ பட்டியலில் முதலிடம் பெற்றது. 1971-ல் வந்த, பென் பீட்டர்ஸ் எழுதிய ‘கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்’ ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பாப் பட்டியலிலும் 21-ஆம் இடம்வரை சென்றது. அதே ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் ‘ஆண்டின் சிறந்த கலைஞர்’ விருதும் சிறந்த ஆண் பாடகர் விருதும் கிடைத்தன. பின்னது 1972-லும் அவருக்கே கிடைத்தது.

பாடும் முறை

பிரைட்டின் குரல் இதமான பாரிட்டோன். சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விழும். ஜார்ஜ் ஜோன்ஸ் ஒரு சொல்லை வளைத்து நெளித்து அதிலிருந்து துயரத்தைப் பிழிந்தெடுப்பார். பிரைட் அப்படிச் செய்வதில்லை. மெட்டை நேராகப் பாடி, வரியின் இறுதியில் குரலைச் சற்றே தாழ்த்திவிடுவார். துயரப் பாடலிலும் தன்னிரக்கம் இருக்காது. தனக்கு நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்பவரின் நிதானம் அதில் உண்டு.

அக்காலத்தில் நாஷ்வில் தயாரிப்பாளர்கள் பலர் பாப் ரசிகர்களைக் கவர வயலின் குழுக்களையும் சேர்ந்திசையையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கிளெமென்ட் தயாரித்த பிரைட்டின் முதல் பத்தாண்டுப் பாடல்களில் ஸ்டீல் கிட்டாரின் ஒலியே முன்னால் நிற்கிறது. வெள்ளைப் பாடகர் ஒருவர் பாப் பக்கம் சாய்ந்தாலும் அவரைக் கன்ட்ரி பாடகர் அல்ல என்று யாரும் சொல்லப்போவதில்லை. பிரைட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பாடலிலும் அவர் தன் உரிமையை நிறுவ வேண்டியிருந்தது. மரபைச் சார்ந்த அந்த ஒலி அவருடைய ரசனையாகவும் பாதுகாப்பாகவும் இருந்தது.

இதைக் கேட்டறிய ஏற்ற ஆல்பம், டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் பாந்தர் ஹால் அரங்கில் பதிவான ‘இன் பர்சன்’. அதில் ஹாங்க் வில்லியம்ஸ் புகழ்பெறச் செய்த ‘லவ்சிக் புளூஸ்’, ‘காலைஜா’ ஆகியவற்றைப் பாடுகிறார். ஸ்டுடியோவில் அடக்கிவைத்த குரல் இங்கே விளையாடுகிறது. கூட்டத்தின் ஆரவாரமும் கேட்கிறது. அவருடைய சிறந்த ஆல்பம் இதுவே எனலாம்.

ஊரைப் பற்றிய பாடல்கள்

பிரைட் பெரும்பாலும் பிறர் எழுதிய பாடல்களையே பாடினார். ஆகவே அவருடைய தேர்வுகளில்தான் அவருடைய பார்வையைத் தேட வேண்டும்.

பிறந்த ஊரை எண்ணி ஏங்குவது கன்ட்ரி இசையின் நிலையான கருப்பொருள். 1970-ல் முதலிடம் பெற்ற ‘வொண்டர் குட் ஐ லிவ் தேர் எனிமோர்’ அந்த ஏக்கத்தைச் சந்தேகிக்கிறது. விடியுமுன் எழுந்து உழைக்கும் பண்ணைக் குடும்பத்தின் வாழ்க்கையை அன்போடு நினைவுகூர்ந்துவிட்டு, அங்கே மறுபடியும் வாழ முடியுமா என்று கேட்டு முடிகிறது. பருத்தி எடுத்து வளர்ந்தவரின் குரலில் அக்கேள்விக்குக் கூடுதல் பொருள் வந்துவிடுகிறது. அவர் அதை அழுத்திச் சொல்வதில்லை.

1974-ல் வந்த ‘மிசிசிப்பி காட்டன் பிக்கின் டெல்டா டவுன்’ இன்னும் கூர்ந்து கேட்கத் தக்கது. அதை எழுதிய ஹரால்ட் டோர்மன் அதே ஸ்லெட்ஜ் ஊரில் வளர்ந்த வெள்ளையர். புழுதித் தெரு, பருத்தி எடுத்து வலிக்கும் விரல்கள் என்று ஊரின் அன்றாடம் பாடலில் வருகிறது. கறுப்பர், வெள்ளையர் என்ற சொற்கள் வருவதில்லை. அந்த ஊரில் வளர்ந்த இருவரும் சட்டப்படியே தனித்தனிப் பள்ளிகளுக்குச் செல்ல வேண்டியிருந்த காலம் அது. ஒருவர் எழுதிய ‘நான்’ என்ற சொல்லை மற்றவர் தன்னுடையதாக்கிப் பாடுகிறார். வறுமையில் இருவருக்கும் பொதுவான பகுதியைப் பாடல் சொல்கிறது. பொதுவல்லாத பகுதியைச் சொல்லாமல் விடுகிறது. பிரைட்டின் கலையின் வலிமையும் எல்லையும் இந்த ஒரு பாடலிலேயே தெரிகின்றன.

மௌனம் பற்றிய விவாதம்

குடியுரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் புகழ்பெற்ற பிரைட், மேடையில் அரசியல் பேசவில்லை. தன்னை நிறத்தின் பெயரால் அடையாளப்படுத்துவதையும் விரும்பவில்லை. தன்னைக் குறிக்கும் இனப்பெயர்தான் காலத்துக்குக் காலம் மாறுகிறது, கேட்கும் கேள்வி மாறவில்லை என்று 1990களில் ஒருமுறை கசப்பும் நகைப்புமாகச் சொன்னார்.

இந்த மௌனத்தைச் சமரசம் என்று குறைகூறுபவர்கள் உண்டு. அக்குறையில் நியாயம் இருக்கிறது. அவருடைய வெற்றி, இத்துறையில் தடை ஏதும் இல்லை என்று காட்டும் சான்றாகப் பயன்படுத்தப்பட்டது. ஆனால் கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. 1969-ல் ஆப்ரி மேடையில் பாடிய முதல் கறுப்பினத் தனிப்பாடகி லிண்டா மார்ட்டெல் ஓர் ஆல்பத்தோடு ஒதுங்க நேர்ந்தது. ஸ்டோனி எட்வர்ட்ஸ், ஓ.பி. மெக்லின்டன் போன்றோர் திறமை இருந்தும் முன்வரிசைக்கு வர இயலவில்லை. பிரைட்டின் கடைசி முதலிடப் பாடல் 1983-ல் வந்தது. இன்னொரு கறுப்பினத் தனிப்பாடகர் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற 2008-ல் டேரியஸ் ரக்கர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் குற்றத்தைப் பிரைட்டின் மேல் சுமத்துவது சரியாகாது. பேசியிருந்தால் அவர் பாடிய மேடையே இருந்திருக்காது. அப்போது ஒருவர்கூட உள்ளே இருந்திருக்க மாட்டார். ஒருவரை ஏற்றுக்கொண்டதையே தன் பெருந்தன்மையாக எண்ணி நின்றுவிட்ட துறைதான் பதில் சொல்ல வேண்டும்.

பெல்ஃபாஸ்ட்

அவர் பேசாமல் செய்த செயல்களுக்கு நல்ல சான்று 1976-ல் கிடைத்தது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே மோதல் நடந்த காலம். 1975-ல் மயாமி ஷோபேண்ட் என்ற இசைக்குழுவினர் சாலையில் சுட்டுக்கொல்லப்பட்ட பின் வெளிநாட்டுக் கலைஞர்கள் அங்கே செல்லத் தயங்கினார்கள். பிரைட் பெல்ஃபாஸ்ட் சென்று ரிட்ஸ் திரையரங்கில் பாடினார். இரு தரப்பினரும் வந்து கேட்டார்கள். அமெரிக்காவில் தனித்தட்டாகக்கூட வராத அவருடைய ‘கிறிஸ்டல் சாண்டிலியர்ஸ்’ பாடலை அயர்லாந்தில் இன்றும் பாடுகிறார்கள்.

பிற்காலம், மறைவு

1970களின் இறுதியிலிருந்து அவருடைய பாடல்களில் மெருகு கூடியது, உயிர் குறைந்தது. 1986-ல் ஆர்.சி.ஏ.-வை விட்டு விலகினார். 1993-ல் ஆப்ரியின் உறுப்பினரானார். 1994-ல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் தன்னுடைய மனநோயைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். 2000-ல் கன்ட்ரி இசைப் புகழவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரானார். 2020 நவம்பரில் நாஷ்வில்லில் வாழ்நாள் சாதனையாளர் விருதைப் பெற்று, ‘கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்’ பாடலை இளம் கறுப்பினப் பாடகர் ஜிம்மி ஆலனோடு சேர்ந்து பாடினார். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 12 அன்று, கோவிட் நோயால் டல்லாஸ் நகரில் காலமானார்.

மதிப்பீடு

பிரைட்டை முன்னோடி என்று மட்டும் சொல்வது, அவரைப் பாடகராகக் கேட்காமல் இருப்பதற்கு ஒரு வழி ஆகிவிட்டது. ஹாங்க் வில்லியம்ஸைப் போலப் பாடலாசிரியராகவோ, ஜார்ஜ் ஜோன்ஸைப் போல உணர்ச்சியின் ஆழத்தைத் தொட்டவராகவோ அவரைக் கொள்ள இயலாது. எளிமையான பாடலைத் துளியும் மிகையின்றிப் பாடி, கேட்பவரின் சொந்த நினைவாக மாற்றும் திறனில் அவருக்கு நிகரானவர் சிலரே. 1966 முதல் 1974 வரையிலான அவருடைய பாடல்களில் இத்திறன் முழுமையாக உள்ளது.

புதிதாகக் கேட்பவர்கள் ‘இன் பர்சன்’ ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். அதன் பின் ஸ்லெட்ஜ் ஊரைப் பற்றிய பாடலைக் கேட்டால், அவர் எதைப் பாடினார், எதைப் பாடாமல் விட்டார் என்ற இரண்டும் காதில் விழும்.