காந்தா தையல்: பொழுதுபோக்காகக் கொள்வதன் நிறையும் குறையும்

பழந்துணியைப் பயன்பொருளாக்கும் கைவினைகள் பலவும் சிக்கனத்தில் பிறந்து, பின்னாளில் ஓய்வுநேரக் கலையாக மாறியவை. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய கம்பளி விரிப்பு வேலை அவற்றுள் ஒன்று. கிழிந்த கம்பளியைப் பட்டைகளாக வெட்டி, சாக்குத் துணியின் கண்களுக்கூடே கொக்கியால் இழுத்து, வளையம் வளையமாக நிரப்புவது அதன் முறை. அந்தச் சாக்குக்கான சணலை விளைவித்த வங்காளம் தன் வீடுகளில் வளர்த்தது காந்தாவை. பலமுறை துவைத்து நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத் தையலிட்டு இணைத்து, அத்தையலாலேயே சித்திரமும் தீட்டுவது காந்தா. கொல்கத்தாவில் இன்று அது மன அமைதி தரும் பொழுதுபோக்காகவும் பயிலப்படுவதால், அந்தப் பயன்பாட்டின் தகுதியை எடைபோடுவது பொருத்தமாகும்.

இதன் முதல் நிறை எளிமை. ஊசி துணிக்குள் இறங்கி ஏறும் ஒரே அசைவே அடிப்படை என்பதால், கற்பவர் முதல் நாளிலேயே தையலில் இறங்கிவிடலாம். ஆயினும் அந்த எளிமை கவனத்தைத் தளரவிடுவதில்லை. நூலைச் சற்று இறுக்கினால் துணி கோணலாகச் சுருங்கும், தளர்த்தினால் அடுக்குகள் நழுவும், சீரான இழுப்பில் மட்டுமே காந்தாவுக்கே உரிய மெல்லிய அலைச்சுருக்கம் தோன்றும். மனத்தை அலையவிடாமலும் களைப்படையச் செய்யாமலும் நிறுத்தும் இந்த அளவான ஈடுபாடே அதன் அமைதிக்குக் காரணம். மேலும், எந்த இடத்திலும் நிறுத்தி எப்போது வேண்டுமானாலும் தொடரலாம் என்பதால், அடுப்படி வேலைகளின் இடைவெளிகளில் மாதக்கணக்கில் வளர்வதற்கு ஏற்றதாகவும் அது இருந்தது.

இரண்டாவது நிறை, வடிவமைப்பில் உள்ள உரிமை. நடுவில் தாமரையும் நான்கு மூலைகளில் மாங்காய் வடிவான கல்காவும் அமைவது வழக்கமாயினும், இடைவெளியை நிரப்புவது தைப்பவரின் விருப்பம். குருசதய் தத் (1882–1941) திரட்டிய நாட்டார் கலைப்பொருள்களைக் கொண்டு கொல்கத்தாவின் ஜோக்காவில் அமைந்த அருங்காட்சியகத்தில், மானதாசுந்தரி தாசி தம் தந்தைக்காகத் தைத்து, அச்செய்தியையும் தையலாலேயே பொறித்த காந்தா உள்ளது. பெயரும் உறவும் பொறித்த அத்தகைய படைப்பு, வெறும் நேரப்போக்கின் விளைவு என்ற வகைப்பாட்டுக்குள் அடங்குவதன்று.

குறைகள் தொடங்கும் இடமும் இந்த வடிவமைப்பு உரிமையே. துளையிட்ட தாளின் வழியே மாதிரியைத் துணியில் பதித்து, அந்தக் கோட்டின்மேல் தைக்கும் முறை வேகத்தைக் கூட்டினாலும், வடிவமைக்கும் உரிமையைப் பறித்துவிடுகிறது. செயற்கை இழைப் புடவைகள் பெருகியபின் நைந்த பருத்தி கிடைப்பது அரிதாக, புதுத் துணியையும் கடை நூலையும் வாங்கித் தைப்பதால் மறுபயன்பாடு என்ற அறம் பெயரளவில் நின்றுவிடுகிறது. குனிந்தபடி நெடுநேரம் நுண்தையலிடுவதால் கண்ணும் கழுத்தும் படும் துன்பத்தையும் ஓய்வு என்ற சொல் மறைத்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை கூலியைச் சார்ந்தது. அங்கீகாரம் வராமலில்லை: மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா எனப்படும் சித்திரக் காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தாக் கலைஞர்களான பிரீத்திகணா கோஸ்வாமிக்கு 2023இலும் தக்தீரா பேகத்துக்கு 2024இலும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆனால், நகரத்தில் ஒருவருக்கு ஓய்வாக அமையும் அதே தையல், பீர்பூம் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் பிழைப்பு. சும்மா இருக்கும் நேரத்தில் செய்யும் வேலைதானே என்ற எண்ணம் வேரூன்றினால், பேரம் பேசுபவர் கை ஓங்கி, மாதக்கணக்கான உழைப்பு மலிவாகிவிடும்.

ஆகவே, வீட்டுப் பழந்துணியில், சொந்த மாதிரியில், முடிக்கவேண்டிய நாள் குறிக்காமல் தைக்கும்போதே காந்தா பொழுதுபோக்கு என்ற நிலையில் முழுமை பெறுகிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதன் அமைதியும் அந்த அளவுக்குக் குறையும். ஒரு சாண் துணியை நிரப்பப் பிடிக்கும் நேரத்தைத் தன் விரலால் உணர்ந்தவர், கடையில் விலை கேட்கும்போது அந்த நேரத்தையும் கணக்கில் கொள்வாராயின், இப்பொழுதுபோக்கு கைவினைஞருக்கும் பயன்பட்டதாகும்.