முதுகில் தெரியும் கத்திரி

ஷேர்வானியை முன்பக்கம் பார்த்து விலை பேசுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். முன்பக்கம் முழுக்க ஜரிகையும் கல்லும் பித்தானும்தான். கண் அங்கேயே மாட்டிக்கொள்ளும். போட்டிருப்பவரைத் திரும்பி நிற்கச் சொல்ல வேண்டும். காலருக்குக் கீழே குறுக்காகச் சுருக்கம் விழுகிறதா, தோள்பட்டைகளுக்கு நடுவே துணி ஒட்டாமலும் தொங்காமலும் இறங்குகிறதா, இடுப்புக்குக் கீழே பக்கத் திறப்பு வாய் பிளக்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டியவரின் கைத்திறமை முதுகில்தான் தெரியும். தில்லியின் கரோல் பாக் கடைகளில் முதுகைப் பார்ப்பவர் குறைவு. கண்ணாடி எதிரில் இருக்கிறது, செல்போனும் எதிரிலிருந்தே படம் எடுக்கிறது.

புது தில்லியைக் கட்டுவதற்காக ஊரைக் காலிசெய்த கிராமத்தார் 1920களில் வந்து குடியேறிய பகுதி இது. 1947க்குப் பிறகு மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் இங்கே கடை போட்டார்கள். அந்த வீடுகளின் மாடியில், மே மாதத்தில் வேகும் பர்சாத்தி அறைகளில், மத்திய அரசு வேலைக்கு வந்த நம் ஆட்கள் வாடகைக்கு இருந்தார்கள். கீழே பராத்தா, மேலே ரசம். இன்றும் பூசா ரோட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. கடைத்தெருவின் முதுகெலும்பான சாலைக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் பெயர். யுனானி வைத்தியர்; 1921இல் காங்கிரஸ் தலைவர்; பக்கத்தில் இருக்கும் திப்பியா கல்லூரியை நிறுவியவர். அதே 1921இல் காந்தி வந்து அதைத் திறந்துவைத்தார். 2019இல் இந்தச் சாலையில் வண்டிகளைத் தடுத்து, நடப்பவர்களுக்கென்று விட்டார்கள். ஜீன்ஸ் வேண்டுமென்றால் டேங்க் ரோடு, வெளிநாட்டுச் சாமானுக்கும் செல்போனுக்கும் கஃபார் மார்க்கெட். மாப்பிள்ளைக் கோலத்துக்கு அஜ்மல் கான் ரோடும் அதை ஒட்டிய தெருக்களும்.

ஷேர்வானியும் அச்கனும் ஒன்றென்று விற்பவர்களே சொல்வார்கள். ஒன்றல்ல. இரண்டும் கழுத்து மூடிய நீளக் கோட்டுதான், ஆனால் அச்கன் மெல்லிய துணியில், உடம்பை ஒட்டி, சற்றுக் குட்டையாக வரும். நேரு போட்டது அது. ஷேர்வானி கனமானது, உள்ளே லைனிங் வைத்தது, கீழே கொஞ்சம் விரிவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் ஃப்ராக் கோட்டும் நம் நாட்டு அங்கியும் கலந்து பிறந்தது. லக்னோவும் ஐதராபாத்தும் அலிகரும் அதை வளர்த்தன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கறுப்பு ஷேர்வானி இன்றும் மரபு உடை. அந்தக் கறுப்பு ஷேர்வானியில் ஒரு மணிகூடக் கிடையாது. துணியும் வெட்டும் மட்டும். என்னைக் கேட்டால், அதைப் பார்த்துக் கண் பழகிய பிறகுதான் கரோல் பாகுக்கு வர வேண்டும்.

ஜர்தோசி வேலை கோட்டின் மேல் செய்யப்படுவதல்ல. முதலில் தையல் மாஸ்டர் முழுத் துணியில் கோட்டின் உருவத்தை வரைந்துவிடுவார். அந்தத் துணியை அட்டா என்ற மரச்சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து ஊசி போடுவார்கள். வேலை முடிந்த பிறகே கத்திரி. ஆகையால் நல்ல ஷேர்வானியில் இடது பக்கத்துக் கொடி பித்தான் வரிசையைத் தாண்டி வலது பக்கத்துக் கொடியோடு சரியாகப் போய்ச் சேரும். ஒரு நூல் அகலம் பிசகினாலும் பூ இரண்டாகப் பிளந்துவிடும். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. தப்பில்லை, விலையும் அதற்கேற்றது. கைவேலை என்று சொல்லிக் கைவேலை விலை கேட்டால் மட்டும் லைனிங்கைத் தூக்கி உட்புறம் பார்க்கலாம். மெஷின் வேலையில் அடிநூல் சீராக ஓடியிருக்கும். கையில் போட்டதில் முடிச்சும் தாவலும் இருக்கும். பின்பக்கம் கொஞ்சம் அலங்கோலமாக இருப்பதே அதன் அத்தாட்சி.

அதைவிட முக்கியமானது ஆர்ம்ஹோல், அதாவது கை வந்து சேரும் வளைவு. அது அக்குளுக்கு நெருக்கமாக, உயரமாக வெட்டப்பட்டிருந்தால் கையைத் தூக்கினால் கை மட்டும் உயரும். தாழ்வாக வெட்டியிருந்தால் கோட்டு முழுவதும் கூடவே கிளம்பி, காலர் காதுவரை வந்துவிடும். ரெடிமேடில் பல உடம்புகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக வளைவைத் தாழ்த்தித்தான் வெட்டுவார்கள். நின்றால் தெரியாது. ஆடினால் தெரியும். பாராத் என்ற ஊர்வலத்தில் பஞ்சாபி மாப்பிள்ளை ஆடாமல் மண்டபம் போய்ச் சேர முடியுமா?

நம் வழக்கத்தில் அந்த ஊர்வலத்துக்கு நேரான காட்சி ஜானவாசம். கல்யாணத்துக்கு முந்தைய மாலை, திறந்த காரில் மாப்பிள்ளை. முன்னால் நாயனமும் சில ஊர்களில் பாண்டு வாத்தியமும். தலையில் கேஸ் லைட் சுமந்த ஆட்கள். சாலையோரத்தில் வேடிக்கை பார்க்கும் ஊர். மறுநாள் காலையில் பஞ்சகச்சம் கட்டப்போகிற அதே ஆள் அன்று மாலை மட்டும் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருப்பார், கும்பகோணத்து வெயில் கால இரவிலும். அந்தக் கோட்டு பெரும்பாலும் மாமனார் தைத்துக் கொடுத்ததாக இருக்கும். பல வீடுகளில் அதற்குப் பிறகு அது வெளியே வந்ததில்லை. பழைய ஆல்பங்களைப் புரட்டினால் தோள் அகலமாக, கை விரல் மறைய, யாருடைய கோட்டோ என்று நினைக்கும்படி இருக்கிறது. தாத்தாக்கள் அதிலும் கம்பீரமாகத்தான் இருக்கிறார்கள். கம்பீரத்துக்குக் காரணம் தையல் அல்ல, வயது.

ஷேர்வானிக்கு இந்த வெயில் அவஸ்தை கிடையாது; அது குளிர்கால உடுப்பு. தேவ் உட்னி ஏகாதசிக்குப் பிறகு நவம்பரில் தில்லியில் முகூர்த்தங்கள் தொடங்கும். பனி இறங்கும் இரவில் லைனிங் வைத்த கனத்த கோட்டு சுமையல்ல, சுகம். அதையே நம் பிள்ளைகள் ரிசப்ஷனுக்கென்று சென்னைக்கு எடுத்துப் போகிறார்கள். ஏசி மண்டபம் காப்பாற்றுகிறது. மேடையில் இரண்டு மணி நேரம் நின்று கைகுலுக்குவதற்கு எந்த ஆர்ம்ஹோலும் போதும்தான்.

ஷேர்வானியின் நிறம் மாறியதற்கு ஒரு புகைப்படம் காரணம் என்று நான் சொல்வேன். 2017 டிசம்பர் 11 அன்று இத்தாலியின் டஸ்கனியில் விராட் கோலிக்கும் அனுஷ்கா சர்மாவுக்கும் கல்யாணம். மேற்கு தில்லிப் பையன், தந்த நிறத்தில் வடிவமைப்பாளர் சபியசாச்சி முகர்ஜியின் பட்டு ஷேர்வானி, வெளிர் ரோஜா நிறத் தலைப்பாகை. அதுவரை மெரூனும் தங்கமுமாக இருந்த கடை வாசல் பொம்மைகள் வெளுத்துப்போயின. கண்ணுக்கு நல்லதே நடந்தது. மெரூன் வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கும். ஃப்ளாஷில் ஜரிகை வெள்ளையாக எரியும். இரண்டுக்கும் நடுவில் மாப்பிள்ளையின் முகம் காணாமல் போகும். வெளிர்ப் பட்டு வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கறுத்த நிறத்தவருக்கு இது பொருந்தாது என்று விற்பனைப் பையன் சொன்னால் நம்ப வேண்டாம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் தந்த நிறப் பட்டைப் போலப் பொருந்துவது எதுவுமில்லை. நம் பட்டு வேட்டி இதை எப்போதோ நிரூபித்துவிட்டது.

ஆனால் கேமரா கெடுத்ததும் உண்டு. கடைகள் இப்போது படத்தில் விழும் இடங்களுக்கு மட்டும் செலவு செய்கின்றன: மார்பு, காலர், மணிக்கட்டு. கேண்டிட் என்ற பெயரில் எல்லா மாப்பிள்ளையும் மணிக்கட்டுப் பித்தானைச் சரிசெய்தபடி ஜன்னலைப் பார்க்கிறாரே, அந்தப் படத்துக்காகவே கைமுனையில் வேலைப்பாடு கூடியது. முதுகு மொட்டை. மொட்டையாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை, வெட்டு சரியாக இருந்தால். மொட்டை முதுகும் மோசமான வெட்டும் சேர்ந்து வரும்போதுதான் கோபம் வருகிறது.

பாராத்தின் படங்களில் இன்னொன்றும் விழுவதில்லை. ஜெனரேட்டர் வண்டியிலிருந்து ஒயரால் பிணைக்கப்பட்டு, தலையிலும் தோளிலும் விளக்குச் சரம் சுமந்து இருபுறமும் நடப்பவர்கள். புகைப்படக்காரர் அந்த வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு அதைச் சுமப்பவரை வெட்டிவிடுவார். பாண்டுக்காரர்கள் பரவாயில்லை, தோளில் குஞ்சலம் வைத்த சிவப்புச் சட்டை அவர்களைப் படத்துக்குள் இழுத்துவிடுகிறது. அந்தச் சட்டை பட்டாளத்திலிருந்து வந்தது, ஊதும் கருவிகளும் அப்படியே. பக்கத்து மீரட்டின் ஜாலி கோட்டியில் பித்தளை வாத்தியங்கள் செய்கிறார்கள். அங்கே நாதிர் அலி கம்பெனி 1885இல் தொடங்கியது. பட்டாளத்து பாண்டு தெருவுக்கு வருவது நமக்கும் புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வரமாகச் செய்து வைத்திருக்கிறார்.

பாண்டு வாசிப்பது என்னவோ சினிமாதான். 1954இல் ஹேமந்த் குமார் ‘நாகின்’ படத்துக்குப் போட்ட மகுடி மெட்டுக்கு இன்றும் யாராவது கைக்குட்டையை வாயில் கவ்விக்கொண்டு தரையில் புரள்வார். 1977இல் ‘ஆத்மி சடக் கா’வுக்காக ரவி இசையமைத்து முகமது ரஃபி பாடிய நண்பனின் கல்யாணப் பாட்டு இல்லாமல் பாராத் நகராது. அப்புறம் தலேர் மெஹந்தி. அவர் வந்த பிறகு தலைப்பாகையும் அங்கியும் பாப் பாடகரின் உடையாயின. அழகிகள் ஆடுவதால்தான் அவர் பாட்டு ஓடுகிறது என்று பேச்சு எழுந்தபோது, 1998இல் ‘துனக் துனக் துன்’ வீடியோவில் ஒரு பெண்ணும் இல்லாமல் அவரே நான்கு பேராக, நான்கு நிற உடையில் ஆடினார். ஆண் உடுப்பைக் கொண்டாடிய படம் என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவது அதுதான். அந்த அங்கிகளின் தளர்ச்சியைப் பாருங்கள்: கை உயரும்போது துணி சண்டை போடுவதில்லை.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை கடைத்தெருவுக்கு விடுமுறை, சனி ஞாயிறு தோள் இடிபடும், செவ்வாய் காலை போங்கள். ஒரே இரவுக்குத்தான் என்றால் வாடகைக்கே எடுக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பலருக்குப் பிரித்துத் தைத்து உழைத்த கோட்டில் தோள் நன்றாகவே படிந்திருக்கும். தைக்கக் கொடுத்தால் எம்பிராய்டரியில் ஒரு படி குறைத்து, மிச்சத்தை மாஸ்டர்ஜிக்குக் கொடுங்கள். தையல் ஓரங்களில் ஒரு அங்குலமாவது துணி விடச் சொல்லுங்கள், தம்பிக்கும் ஆகும். டிரையலின்போது மாப்பிள்ளைப் பையன் கண்ணாடி முன் விறைத்து நிற்பான். அத்தை சித்தி எல்லோரும் இருந்தாலும் பரவாயில்லை, “ரெண்டு கையையும் தூக்கு, ஆடு” என்று சொல்லுங்கள். காலர் காதைத் தொட்டால் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம், அது நாலு அடி தள்ளித்தான் இருக்கும்.