கதவும் மருட்கையும்

மருட்கை என்னும் மெய்ப்பாட்டிற்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறுவர். இவற்றுள் முதலிரண்டற்கே நாம் பெரிதும் எடுத்துக்காட்டுத் தருகின்றோம். ஒன்று மற்றொன்றாகத் திரிதலாகிய ஆக்கத்திற்குக் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் தோன்றிய கி. ராஜநாராயணனின் (மறைவு 2021) ‘கதவு’ என்னும் சிறுகதை தக்க சான்றாகும்.

ஏழைக் குடிலொன்றின் கதவு அது. குழந்தைகள் அதன்மேல் தொற்றி ஆடுங்கால் அது பேருந்தாகின்றது, பயணச்சீட்டும் வழங்கப்பெறுகின்றது. தெய்வமோ பேயோ ஈண்டு இல்லை. மரம் மரமாகவே உள்ளது. ஆயினும் ஊர் கடக்கும் வியப்பு அவர்கட்கு மெய்யாகவே நிகழ்கின்றது. (கோடையில் கை நுழையுமளவு பிளந்து, மழை கண்டதும் தானே மூடிக்கொள்ளும் கரிசல் நிலத்தார்க்கு ஆக்கம் புதிதன்று.) பின்னர்த் தீர்வைப் பாக்கிக்காக அக்கதவு பெயர்த்துச் செல்லப்படுகின்றது. காப்பற்ற வீட்டினுள் குளிர்காற்றுப் புகக் கைக்குழந்தையும் இறந்துபடுகின்றது.

இதனை வறுமைச் சித்திரம் என்று கூறி அமைவாருளர். அஃது அரைகுறைக் கூற்றென்பது என் கருத்து. வறுமை ஒன்றே பொருளாயின் ஒரு குடம் பறிபோயினும் அமையும். விளையாட்டினை முதற்கண் வைத்தமையாலன்றோ, தீர்வை தண்டுவோர்க்கு வெறும் பலகையானது குழந்தைகட்கு உறவாகின்றது! அழுகைக்குரிய நான்கனுள் இழவும் வறுமையும் இக்கதையில் உள்ளன. எனினும், சாவடியின் பின்புறத்தே கிடக்கும் கதவினைச் சிறுமி கண்டு தழுவுமிடத்து அவ்வழுகையினின்று மருட்கையைப் பிரித்துக் காட்டல் எனக்கு இயலவில்லை.